பூஞ்சணம் வாங்கியது

போன மாசியில் யாரும் கேட்காத மழை.
களத்தில் காய்ந்த முண்டு வத்தலைப்
பூஞ்சணம் தின்றது.
இந்தப் புரட்டாசியில் உப்பூர் டிப்போவில்
காசு கொடுத்து வாங்குகிறேன்
பூஞ்சணத்தை.

“இது வேர்ச்சாதி, வேற”
என்கிறார் செய்யது அபுதாகிர்.

ஆறிய வடிகஞ்சியில் கரைத்து
விதையைப் புரட்டி
கருவை நிழலில் உலர்த்தினேன்.
பக்கத்து நிலத்து இருளாயி
மோந்து பார்த்தாள்:
“சாம்பலையா வித்தாங்க?”

நாற்பதாம் நாள்,
உப்புக்காற்றில் அவள் செடிகள் நுனி கருக,
என்னுடையதில் ஒன்றைப் பிடுங்கினேன்.
வேரில் எதுவும் தெரியவில்லை.
உதறினேன்.
கடன்காரன் மாதிரி
விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது மண்.

குழியிலேயே திரும்ப வைத்து
மெதுவாக மிதித்தேன்.

மிச்சப் பொட்டலம்
இருளாயி வரப்பில் இருக்கிறது,
காற்றில் பறக்காமல்
மேலே ஒரு சங்கு.