தொங்கல்

செவ்வாய்க்கிழமை வந்தது கடிதம்.
பாத்திரம் துலக்கிய ஈரக்கையோடு பிரித்தாள்
டெலித் ப்ரோபெர்ட்,
செவர்ன் ஆறு கடலில் விரியும் இடத்தில்
பாலத்தின் தொங்குகம்பிகளுக்குப்
பதினான்கு வருஷமாய் வர்ணம் அடிப்பவள்.

தாங்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டிருக்கிறீர்கள்.
விசாரணை பெண்டிங்.
இண்டிபெண்டன்ட் குழு ஒன்று முடிவு சொல்லும்.
டிபெண்டன்ட்களின் விவரத்தை
அப்பெண்டிக்ஸ் இரண்டில் நிரப்பி அனுப்பவும்.

பதினான்கு குளிர்காலம் நிமிர்த்தாத பெண்டை
ஐந்தே வரி நிமிர்த்தியது.

குற்றம் இவ்வளவுதான்: ஒரு ஸ்பானர்.
மணிக்கட்டுக் கயிறு அறுந்து
கோழித்தீவனம் ஏற்றிப்போன லாரியின் கூரையைத்
துளைத்துவிட்டது.
ஓட்டுநருக்குக் கீறல்கூட இல்லை.
இறங்கி ஓட்டையைப் பார்த்தார்,
அண்ணாந்து அவளைப் பார்த்தார்,
வெல்ஷ் மொழியில் ஒன்று சொன்னார்.
அதை அவள் விசாரணையில் சொல்லப்போவதில்லை.

மேஜையின் மறுமுனையில் மகன் மாக்சென், பதினொரு வயது,
ஆங்கில வீட்டுப்பாடம்.
தாளின் தலையில் லத்தீன் வேர் ஒன்று:
பெண்டெரே. தொங்கு. தொங்கவிடு. எடை போடு.
கீழே அதன் பிள்ளைகள்
கொடியில் காயப்போட்ட உள்ளாடைபோல் வரிசையாய்.
பெண்டுலம், பெண்டன்ட், சஸ்பென்ஸ்...
அவள் கடிதத்தை அந்தத் தாளின் பக்கத்தில் வைத்தாள்.
கம்பெனிக்காரன் இவனைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறான்.

"ரோமில ஆதியில காசை எண்ணித் தரலையாம்மா,
தராசுல தொங்கவிட்டுத் தந்தாங்களாம்.
அதனாலதான் பென்ஷன். காம்பென்சேஷன்."
"பவுண்டு?"
தாளைத் திருப்பினான்.
"அதுவும் இதுல ஒண்ணுவிட்ட தம்பி."

அன்றிரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டாள்.
வாடகை, மின்சாரம், மாக்செனின் பல்கம்பி.
இடது தட்டில் இவை.
வலது தட்டில்
தொள்ளாயிரத்து நாற்பது கிராம் ஸ்பானர்.
(எடையை அப்பெண்டிக்ஸ் ஒன்றில் தந்திருந்தார்கள்.)

புதன் காலை அவனைப் பள்ளியில் விட்டபின்
நடைபாதை வழியே பாலத்துக்குப் போனாள்,
முதன்முறையாய் இடுப்பில் பட்டை இல்லாமல்,
நாய் கூட்டி வந்தவர்களோடு ஒருத்தியாய்.
தொங்குகம்பி ஒன்றில் உள்ளங்கையை வைத்தாள்.
லாரி போகப்போக அது உள்ளுக்குள் முனகியது.
கட்டிய நாளிலிருந்து
இந்தப் பாலமும் சஸ்பெண்டில்தான் இருக்கிறது.
இதை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை.
இதற்கு யாரும் கடிதம் போடவில்லை.
நாலாவது பூட்டாணிக்குப் பக்கத்தில்
அவள் அடித்த சாம்பல் நிறம் லேசாய் உரிந்திருந்தது.
நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.
பழக்கம்.

மாலையில் அப்பெண்டிக்ஸ் இரண்டு.
பெயர்: மாக்சென் ப்ரோபெர்ட். உறவு: மகன்.
யாரைப் பிடித்து யார் தொங்குகிறோம் என்று
படிவம் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் நிரப்ப நேரமாகியிருக்கும்.

"ஒரே ஒரு சொல் பாக்கிம்மா. இண்டிபெண்டன்ட்.
முன்னாடி 'இன்' வந்தா 'இல்லை'னு அர்த்தம்.
தொங்காதது.
ஒரு வாக்கியம் சொல்லேன்."

கண்ணாடிக்கு வெளியே
பாலத்தின் சிவப்பு விளக்குகள் ஏற்றியாகிவிட்டது.
அங்கே அவளுடைய தொட்டிலில் இன்று வேறு யாரோ.

"மேலே, எங்க பாஷையில,
தொங்காம இருக்கிறதுக்கு
விழுறதுன்னு பேருடா."

எழுதிக்கொண்டான்.
பிறகு யோசித்தான். ரப்பரைத் தேடினான்.
அவள் காலடியில் கிடந்தது ரப்பர்.
பார்த்தாள்,
எடுத்துத் தரவில்லை.