இருபது நிமிடம்

மிஷ்கோல்ட்ஸ் நகரத்துத் தண்ணீரில் பாதி சுண்ணாம்பு.
கெண்டி இருமிக்கொண்டே கொதிக்கும்.
குழாய் மூக்கில் தொங்கும் வெள்ளைப் பொருக்குக்கு
வினிகரில் நனைத்த ஒற்றைக் காலுறையால்
கட்டுப் போட்டாள் எதெல்கா.
காலையில் அவிழ்த்தால் உதிர்ந்துவிடும்.

துரு அப்படியல்ல.
தொட்டி விளிம்பில்
தெஜோ பதினோரு வருடம் வைத்தெடுத்த
சவர நுரை டப்பாவின் அடித்தடம்.
டப்பாவைக் கொண்டுபோனான்,
காரைக் கொண்டுபோனான்,
வட்டத்தை மறந்துவிட்டான்.

எலுமிச்சை உப்பைக் குழைத்து அப்பினாள்.
மஞ்சளாய்க் கசிந்தது.
ஒரு மணி நேரம் பொறு என்றது பொட்டலம்;
இருபது நிமிடத்தில் துடைத்தாள்.

போய்விட்டது.
போன இடம் மட்டும்
புதுப் பல் போல் பளிச்சென்று.
மற்றதெல்லாம் இப்போது
அழுக்கு.

சட்டைக் கையை இன்னொரு மடி ஏற்றித்
தொட்டிக்குள் இறங்கினாள்,
வாளியோடு.