ஐந்தரை

ஐந்தரை என்றார் டெஸ்மன் அண்ணை,
ஸ்கூட்டியின் சீற்றைத் துணியால் துடைத்தபடி.
அதற்குப் பிறகு உவர்மலையில் நின்று அவர் சொன்ன எதுவும்,
ஒரு கை ஓட்டம், புது ரயர், மழையில் விட்டதில்லை,
என் காதில் ஏறவில்லை.
ஐந்தரை என் தலைக்குள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு
சட்டமாய் உட்கார்ந்துவிட்டது.

நான் ஐந்து என்றேன். நெற்றியைத் தேய்த்தார்.
உள்ளேயிருந்து மனைவி ஏதோ சொன்னா.
நாலு தொண்ணூறுக்கு இறங்கினார்.
நாளைக்குச் சொல்கிறேன் என்று நடந்தேன்,
அறுபதாயிரத்தை யாரோ கையில் பொத்தித் தந்ததுபோல.
பஸ் நிலையத்தடியில் வாழைப்பழத் தோலை மென்றபடி
ஒரு மான் என்னைப் பார்த்தது.
அதுவும் தலையாட்டியதாகவே பட்டது.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை.
இரத்தத்தில் சீனி எவ்வளவென்று
முகம் பார்த்து எழுதுகிறவள் அல்ல நான்.
றிஸ்மியாவிடம் சொன்னேன். அவள் கேட்டாள்:
"அந்த மனுசன் வாய் திறக்க முதல்
நீ என்ன விலை நினைச்சிருந்தாய்?"
மெஷின் சுழன்று நிற்கும்வரை யோசித்தேன்.
ஒன்றும் நினைத்திருக்கவில்லை.

ஞாயிறு கன்னியாவுக்குப் போனோம், அவளுடைய பிள்ளைகளோடு.
ஏழு கிணறு, ஏழும் ஏழு சூடு என்று
சின்னனிலிருந்து சாதித்து வந்தவள் நான்.
கொதிக்கிற கிணற்றில் இரண்டு வாளி வார்த்துவிட்டு
பக்கத்துக் கிணற்றில் அள்ளினேன்.
"இது பச்சைத்தண்ணி" என்று சத்தியம் செய்தேன்.
அப்போதுதான் வந்திறங்கிய அவளுடைய கடைசி மகன்
அதே வாளிக்குள் கையை விட்டு
"சுடுது உம்மா!" என்று துள்ளினான்.

பையில் வெப்பமானி கிடந்தது. தொழில் வியாதி.
இரண்டு கிணற்றுக்கும் இரண்டு கோடுதான் வித்தியாசம்.
தோலுக்குச் சூடு தெரியாது;
முன்பு பட்டதிலிருந்து இப்போது படுவது
எவ்வளவு தூரம் என்பதுதான் தெரியும்.
ஈரத் தலையோடு நின்றேன்.
ஐந்தரை, எனக்கு வார்த்த முதல் வாளி.

அன்றிரவு விளம்பரங்களைப் பார்த்து
மூன்று கராஜுக்கு ரெலிபோன் எடுத்து
கூட்டிக் கழித்து, கடைசி ஆயிரங்களைக் கொஞ்சம் உத்தேசமாய் வைத்து
ஒரு தொகையை எழுதி மடித்தேன்: நாலு முப்பது.
உடனே ஒரு குரல்: இந்த நீலம் வேறெங்கே கிடைக்கும்,
சில்லு புதுசு, அவர் நல்ல மனுசன், கோயிலில் காண்கிறதுதானே.
நான் ஆசைப்பட்டதற்குச் சாட்சி பிடிக்க
இந்த மனம் என்னமாய் ஓடுகிறது, சம்பளமில்லாமல்.

அடுத்த நாள் தாளைப் பார்த்துச் சொன்னேன்,
அவரைப் பார்க்கவில்லை.
டெஸ்மன் அண்ணை சிரித்தார்.
முதுகு வியர்க்க இறங்கி வந்தேன்.

வியாழக்கிழமை அதை ஐந்துக்கு யாரோ ரீச்சர் வாங்கிவிட்டா.
இரவு முழுக்க நித்திரையில்லை.
ஒருநாளும் என்னுடையதாய் இருக்காத ஒன்றைக்
களவு கொடுத்தவள்போலக் கிடந்தேன்.
அறிந்துகொண்டுதான் கிடந்தேன்.
அறிந்ததால் வலி ஒரு இம்மியும் குறையவில்லை,
ஆனால் ரெலிபோனை எடுக்கவில்லை.

இப்போது மீன் சந்தையில்
பாறையின் செவுளைத் தூக்கிப் பார்த்து
அவர்கள் விலை சொல்ல முதல்
என் விலையை எனக்குள் முணுமுணுத்துவிடுகிறேன்.
"என்ன மிஸ், மீனுக்கு மந்திரமா?" என்கிறான் ஜெனோசன்.
பாதி நாள் என் கணக்குப் பிழை.
பிழையென்றாலும் என்னுடைய பிழை என்று
பெருமையாய் றிஸ்மியாவிடம் சொல்லித் திரிந்தேன்,
ஆட்கள் எல்லாரும் எப்படி ஏமாறுகிறார்கள் என்றும்.

இன்று விடிய முதல் டியூட்டிக்கு
வழக்கம்போல அலாரம் அடித்தது.
இருட்டில் கைபோட்டு நிறுத்தினேன்.
திரையில் வெளிச்சமாய், வருசக்கணக்காய்
ஒவ்வொரு காலையும் நான் முதலில் காணும் எண்:
4.30.