தண்டவாளத்துக்கு முன்

இந்தியானாவில், கேரி நகரில்,
பல் மருத்துவர் ஒருவர் காலிசெய்துபோன அறைகளில்
இப்போது பாட்டுப் பதிவு செய்கிறார்கள்.
கிராம்பெண்ணெய் வாசம் சுவரைவிட்டு இன்னும் போகவில்லை.
எனக்கும் எழுபது ஆகிறது. பேஸ் கிட்டார்.
மணிக்கு நாற்பது டாலர், மதியம் ஒரு கோழி சாண்ட்விச்.

வெர்லீன் டப்ஸ் பத்தே முக்காலுக்கு வந்தாள்.
கையில் கிட்டார் பெட்டி, தோளில் மருந்துப் பை.
கடைசியாக அவள் மைக்கின் முன் உட்கார்ந்தது
எழுபத்து நான்கில்.
ஒரே ஒரு இசைத்தட்டு. பக்கத்துக்கு ஒரு பாட்டு.
கிடைத்தது நூற்றிருபது டாலரும்
ஒரு கம்பளிக் கோட்டும்.
கோட்டு நல்ல கோட்டு, என்றாள்,
எண்பத்தொன்பது வரை உழைத்தது.

பிறகு ஏன் வாசிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை.
தந்தியை முறுக்கிக்கொண்டே அவளாகச் சொன்னாள்:
கணப்பு உடைந்த குளிர்காலத்தில் ஆம்ப்ளிஃபயரை வித்தேன்.
வீடு சூடாச்சு.
அப்புறம் முப்பத்தோரு வருஷம்
மஞ்சள் ஸ்கூல் பஸ், தடம் பதினேழு.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் டெல்ரே.
அந்தத் தட்டு வந்து இருபது வருடம் கழித்துப் பிறந்தவன்.
நடுவில் வரும் அவளுடைய தனி வாசிப்பை
ஒரு சுரம் பிசகாமல் சீட்டியடிப்பான்.
அதே மாதிரி வேண்டும் என்றான்.
அந்தப் பொண்ணு என்ன வாசிச்சான்னு ஞாபகமில்லையே, என்றாள்.
போட்டுக் காட்டினான்.
தூரத்து உறவுக்காரியின் கல்யாணப் படத்தைப் பார்ப்பதுபோல்
கேட்டு முடித்தாள்.
கெட்டிக்காரிதான். அவசரம் ஜாஸ்தி.

மோதிர விரல் மடங்குவதில்லை.
சுண்டுவிரலில் முக்கால் அங்குல சாக்கெட் ஒன்றை மாட்டினாள்,
பஸ் பணிமனைக்குத் திருப்பிக் கொடுக்காதது.
தந்திமேல் வைத்து இழுத்தாள்.
அறையிலிருந்த இரும்பெல்லாம் திரும்பிப் பார்த்தது.

ஒன்பதாவது கட்டத்தில் நின்றுவிட்டாள்.
நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன்,
பக்கத்து வீட்டுக்குள் தவறி நுழைந்தவனைப் போல.
பிறகு தானாகவே சேர்ந்துகொண்டாள்.
இரண்டாம் முறையும் அங்கேதான்.
மூன்றாம் முறை அவள் காலைப் பார்த்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்ட வலது கால்
இல்லாத பிரேக்கை அழுத்திப் பிடித்திருந்தது.
வலது கை தந்தியை விட்டு நகர்ந்து
இல்லாத நெம்புகோல் ஒன்றை இழுத்தது.
தலையைச் சாய்த்தாள். இடப்பக்கம்.
வலப்பக்கம்.

தண்டவாளம், என்றாள் டெல்ரேயிடம்,
இதுகூடத் தெரியாதா என்பதுபோல்.
பிள்ளைகள் ஏறிய வண்டி
எந்தத் தண்டவாளத்துக்கு முன்னாலும் நிக்கணும்,
கதவைத் திறக்கணும், காது கொடுக்கணும். சட்டம்.
என் தடத்தில் ஒன்பது இடம். நாளைக்கு நாலு தரம்.

இடைவேளையில் காகிதக் கோப்பைமேல்
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
இரண்டு லட்சத்தைத் தாண்டியது.
அதில் எத்தனை முறை ரயில் வந்தது என்று கேட்டேன்.
வந்தா நிப்போம், வரலைன்னா போவோம், என்று
ஊறுகாய்த் துண்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

இடைவெளியை வெட்டிவிடலாம், ஒட்டு தெரியாது
என்றான் டெல்ரே.
அவள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது முறை, ஒன்பதாவது கட்டத்தில்,
நானும் விரலை எடுத்துவிட்டேன்.
டிரம்காரன் ஹோசியா உள்ளங்கையால் தட்டத்தைப் பிடித்தான்.
குழாயில் தண்ணீர் இறங்குவது கேட்டது.
யாருடைய வயிறோ இரைந்தது.
ஹோசியாவின் சட்டைப் பொத்தான் எதிலோ உரசியது.
இது எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை;
எண்ணுவது என் பிழைப்பு, ஆனாலும் எண்ணவில்லை.
அவள் கால் மெல்ல மேலே வந்தது.
போனோம்.

அதில் டெல்ரே எதையும் வெட்டவில்லை.

ஆறு மணிக்கு ஒப்பந்தத்தை நீட்டினான். மூன்று பக்கம்.
கண்ணாடி போட்டுக்கொண்டு, வரிக்குக் கீழே விரலை ஓட்டி,
ஆம்ப்ளிஃபயர்கள் குளிரும்வரை வாசித்தாள்.
நாங்கள் கோட்டு மாட்டிக்கொண்டு காத்திருந்தோம்.
இரண்டாம் பக்கத்தில், ஏழாவது பத்தியில்,
அவள் வலது கால்
தரையை அழுத்துவதைப் பார்த்தேன்.