ஈ கட்டுதல்

மொரிதாவின் கீழ்வரிசை
சீப்புச் சீடையில் இரண்டாய்ப் போனது.
கானாடுகாத்தான் விடுதியிலிருந்து
கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்தார்.
காரைக்குடி செக்காலை ரோட்டு மாடியில்
பாதி ஊரின் சிரிப்பைச் செய்து தருகிறவன் நான்.
ஒட்டி, தேய்த்து, மெருகேற்றிக் கொடுத்தேன்.
கண்ணாடி பார்க்கவில்லை அவர்;
மிச்சச் சீடையைக் கடித்துப் பார்த்தார்.
பணத்துக்கு மேலே ஒரு மாத்திரை டப்பா.
உள்ளே மூன்று ஈ.

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்.
முள். முள்ளில் பட்டுநூல்.
நூலின் கழுத்தில்
ஏதோ ஒரு சேவலின் கழுத்து.

அவருக்குத் தமிழ் வராது, எனக்கு அவர் பேச்சு.
தண்ணீருக்குக் கையை நெளித்தார்.
மலைக்கு என் அலமாரியைக் காட்டினார்.
மீனுக்கு வாயைத் திறந்தார்,
நான் ஒட்டிய பல்லோடு.

இந்த ஊரில் எல்லாமே கட்டு.
முகப்பு தாண்டினால் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு.
என் பலகையிலும்
‘பல் கட்டப்படும்’ என்றுதான் இருக்கிறது.
ஒரு ஈயைக் கட்ட முடியாதா?

முடியவில்லை.
பிளாஸ்டர் தாடையொன்றில் துளையிட்டு
இடுக்கியை நட்டு
இடுக்கியில் முள்ளைப் பூட்டினேன்.
ஜபருல்லா கறிக்கடையில் போய்
மெஸ்ஸுக்குப் போகும் சேவலின் கழுத்திறகு கேட்டேன்.
“காது குடையவா அண்ணே?”
“பல்லுக்குடா.”
மீனாளின் கண்டாங்கி முந்தியிலிருந்து
அரக்குச் சிவப்பில் ஓர் இழை உருவினேன்.
(அவள் இன்னும் பார்க்கவில்லை.)
நூலுக்குப் பல்மெழுகு.

இறகு முள்ளின் கண்பக்கம் சாய்ந்து
முன்னோக்கி விரிய வேண்டும்,
காற்றில் மடங்கிய குடை மாதிரி.
இழுத்தால் மூடும், விட்டால் திறக்கும்;
மூச்சு அப்படித்தான் வருகிறதாம் அதற்கு.
முதல் ஈ மூச்சு விடவில்லை.
இரண்டாவதற்கு மீசைதான் இருந்தது.
மூன்றாவதை எண்ண வேண்டாம்.

காய்வதற்கு டியூப்லைட் கம்பியில் தொங்கவிடுவேன்.
அங்கே ஒரு பல்லி குடியிருக்கிறது,
வாடகை கிடையாது, சாப்பாடு ஈசல்.
முதலாவதைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது.
ஆறாவதன் மேல்
ஏறி நடந்தே போய்விட்டது.
அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதினோராவது,
மின்விசிறிக் காற்றில் லேசாகத் திறந்து மூடியது.
பல்லியின் வால் நுனி மட்டும் அசைந்தது.
பிறகு அந்த இடத்தில் பல்லி இல்லை.
கவ்வி, சே என்று துப்பி,
சுவரில் கோபமாக ஒட்டிக்கொண்டது.
எதிர்முள்ளை முன்பே நசுக்கியிருந்தேன்; காயமில்லை.
பல்லி விழும் பலன் பார்க்கப்
பஞ்சாங்கம் எடுக்கவில்லை.
இதைவிட என்ன சொல்லிவிடப்போகிறது?

ஊருணியில் தூண்டில் போடக் கூடாது, குடிக்கிற தண்ணீர்.
மலைக்கும் ஓடைக்கும் எங்கே போக?
கார்த்திகை வரை பொறுத்தேன்.
பள்ளத்தூருக்கு வடக்கே கண்மாய் நிறைந்து
நாலு நாள் கலிங்கு பாயும்.
அந்த நாலு நாளைக்கு எங்களுக்கும் மலை உண்டு,
இடுப்பளவு உயரத்தில்.

கொட்டாங்குச்சியோடு நின்ற பயல்கள்
தாராளமாகக் கேட்டார்கள்:
“புழு வேணுமா சார்?”
“ஈ இருக்கு.”
ஒருவன் தன் தலைக்கு மேல் சுற்றிப் பார்த்தான்.

மூங்கில் கம்பு, அதன் நீளத்துக்கு நரம்பு, அவ்வளவே.
நுரைக்குப் பின்னால் விட்டேன்.
இழுத்தேன், மூடியது.
விட்டேன், திறந்தது.
ஈ என்றால் கொடு என்றும் அர்த்தமாம்,
தமிழாசிரியர் ஒருவர் பல் காயும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.
யார் யாரிடம் சொல்வது என்று
அவர் சொல்லவில்லை.
கம்பு வளைந்தது.

சாண் அளவுக் கெண்டை.
உதட்டோரம் என் வீட்டு அரக்குச் சிவப்பு.
தொழில்புத்தி, வாயைத் திறந்து பார்த்தேன்.
ஒரு பல்கூட இல்லை.
தொண்டைக்குள் வைத்திருக்குமாம்,
நகையை உள்ளறையில் வைப்பதுபோல.
அளவெடுக்கப் போன விரலை
ஒருதரம் சப்பிப் பார்த்துவிட்டு
தண்ணீரோடு போனது.

பயல்கள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
சைக்கிளை எடுத்தேன்.
வழி நெடுக
மீனாளின் முந்தி இழைக்கு
ஒரு கதை கட்டிக்கொண்டு வந்தேன்.
அதுவும் நிற்கவில்லை.