பத்தும் எட்டும்

பெரியாஸ்பத்திரியில் வாள் இரைந்து நின்றது.
உள்ளிருந்து வந்த கால்
வெயில் காணாத பயிற்றங்காய்.
"பிடிச்சு நிப்பாட்டாதேங்கோ,
தானாய் மிதிப்பா" என்றா மிஸ்.

பத்துக் கழன்று ஒன்பது நாள்.
எட்டு வரவில்லை.
கொக்குவில் வீட்டுச் சீமெந்தில்
லக்சிகா
ஒரு காலை இழுத்திழுத்துத் தவழ்கிறாள்.
கறுத்தக்கொழும்பான், பலூன்,
தகப்பன்ர போன்,
எதற்கும் எழும்பவில்லை.

இன்று கூட்டுகையில்
வெட்டின பத்தின் பாதியை,
தமையன் பேனையால் மீன் கீறின பாதியை,
குப்பைக்கென்று வாசலில் போட்டேன்.

"என்ர!"

கதிரையைப் பிடித்தாள். விட்டாள்.
ஒரு எட்டு.
இன்னொன்று, கோணலாய்.
தும்புத்தடியை நான் விடவில்லை;
விட்டால் ஓடிப்போய்த் தூக்கிவிடுவேன்.

விழுந்தது மீனுக்குப் பக்கத்தில்.
எடுத்து,
தன் காலில்
திரும்பவும் மாட்டப் பார்க்கிறாள்.