மைனஸ் பக்கம்

கிஷடாவில் சாவு
கூரையில் நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டிய
வெள்ளை ஃபியட்டில்தான் வரும்.
முதலில் ஆர்கன். அடுத்து ஜெனிவால்டோவின் குரல்.
அப்புறம் பெயர், அடக்கம் எத்தனை மணிக்கு.

அந்த வெள்ளிக்கிழமை
"ஆழ்ந்த துயரத்தோடு அறிவிக்கிறோம்" வரைக்கும் வந்தது.
பெயருக்கு முன்னால் ஆர்கன் ஒருமுறை பெருமூச்சு விடுமே,
அதில் ஆம்பிளிஃபையர் வாயை மூடிக்கொண்டது.
சிவப்பு விளக்கு.
அணைத்துப் போட்டான். மறுபடி துயரம். மறுபடி சிவப்பு.
இப்படியே பதினோரு தெரு.

பின்னாலேயே ஊர் முழுக்க போன் மணி.
யாரு? உங்க வீட்டுலயா?
இல்ல, உங்க வீட்டுலயோன்னு நினைச்சேன்.
அடுப்பை அணைக்காமல் ஓடிவந்து
வாசலில் நின்று ஆளை எண்ணினார்கள்.
என்னையும் ஒருத்தன் கூப்பிட்டான், ஆறு வருஷத்துக்கு அப்புறம்.
"ஜுசிலேனி?" என்றான்.
ம், என்றேன்.
வைத்துவிட்டான்.

பத்தரை மணிக்கு என் கொட்டகையில் வண்டி.
பின் சீட்டில் கறுப்புச் சட்டையில் ஒருவர்,
பெயர் எழுதிய தாளை நாலாக மடித்து
பையில் வைத்துக்கொண்டு.
எட்மில்சன். செத்தது அவர் அம்மா.

ஆம்பு போச்சு, புதுசு வாங்கணும் என்றான் ஜெனிவால்டோ.
எல்லாரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.
ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றினேன். விளக்கு பச்சை.
ஒவ்வொன்றாக அளந்தேன்: நாலும் நல்லபடி,
எதுவும் தகரத்தைத் தொடவில்லை.
ஃபியூஸைத் திறந்தால் உள்ளே சிகரெட் தாள்,
வெள்ளித்தாள், அழகாகச் சுற்றி.
யார் வேலை? மச்சான், என்றான்.
மச்சானிடம் சொல், வண்டி எரிந்தால்
அதை அறிவிக்க வேறு வண்டி கிடையாது.

எஞ்சின் ஓடட்டும். ஆர்கன் பாடட்டும்.
பேட்டரியில் பதின்மூன்றரை.
ஆம்பின் வாயில் ஒன்பதரை.
நாலு வோல்ட் வழியில் எங்கேயோ இறங்கிவிடுகிறது,
டிக்கெட் எடுக்காத பயணி மாதிரி.
பிளஸ் கம்பியில் தேடினேன். புள்ளி மூன்று, அது மன்னிக்கக்கூடியது.
மைனஸ் பக்கம் முள்ளை வைத்தேன்:
மூன்று புள்ளி ஏழு.

கம்பளத்தைக் கிழித்தால்
எர்த் கம்பி பெயின்ட் மேல் திருகப்பட்டிருக்கிறது.
ஆணி இறுக்கமாகத்தான் இருந்தது. அதுதான் ஏமாற்றும்.

டார்ச்சை அவரே வாங்கிப் பிடித்தார்.
எர்த்துன்னா மண்தானே, என்றார்.
வண்டி ரப்பர் மேல நிக்குது. மண் எங்க இருக்கு?
சொல்லியிருக்கக் கூடாது. வேலை மும்முரத்தில் சொல்லிவிட்டேன்:
உடம்புதான் மண்ணு.
டார்ச் வெளிச்சம் கொஞ்சம் நகர்ந்து
திரும்ப இடத்துக்கு வந்தது.

சுரண்டினேன். வெள்ளைக்குக் கீழே மஞ்சள்.
மஞ்சளுக்குக் கீழே நீலம்.
எத்தனை பேர் வேலைக்கு ஓடின வண்டியோ.
அப்புறம் துரு, அப்புறம்
விரல் வைத்தால் சுடுகிற பளபளப்பு.
நட்சத்திர வாஷர், புதுக் கம்பி, கட்டைவிரல் பருமன்.
மேலே கிரீஸ், மழை வந்தால் என்று.
மழை வருஷத்தில் எத்தனை நாள் என்று கேட்காதீர்கள்.

மறுபடி முள். புள்ளி பூஜ்யம் ஐந்து.
ஆக்சிலரேட்டரை மிதித்தால் குரலோடு கூடவே ஏறுமே
ஒரு கொசுச் சத்தம், அதுவும் இல்லை.
இத்தனை நாள் எல்லாச் சாவுக்கும்
அது பின்பாட்டு பாடியிருக்கிறது.
வழக்கம் என்று நினைத்திருந்தோம்.

நூற்றிருபது ரெயால். எண்பது கொடுத்தான்,
மீதி நாளை முட்டை விளம்பரம் ஓட்டியதும்.

பதினொன்றே முக்காலுக்கு
கோழிப் பாறைப் பக்கமிருந்து கேட்டது:
ஆர்கன், துயரம், பெருமூச்சு,
தோனா ஸுல்மிரா பெசெர்ரா,
நாலு மணிக்கு.

ஒவ்வொரு எழுத்தும் தெளிவு.
அடுப்புகளைத் திரும்பப் பற்றவைத்தார்கள்.
என் போனைத் துணியில் துடைத்து
மேசை மேல், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்தேன்.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை.